பாதி வீட்டில் ஐந்து வாரம்

சிட்னியில் நான் இருந்த ஐந்து வாரமும் ஒரு பாதி வீட்டில் இருந்தேன். பாதி கட்டி நிறுத்திய வீடு என்று நினைக்க வேண்டாம். முழுசாகக் கட்டி, நட்ட நடுவில் ஒரு சுவரை எழுப்பி இரண்டாக்கிய வீடு. அங்கே அதற்கு செமி என்று பேர். தெருவில் நின்று பார்த்தால் ஒரே வீடுதான். ஒரே ஓட்டுக் கூரை, ஒரே புகைக்கூண்டு, சிவப்புச் செங்கல் முகப்பு. கிட்டே போனால் கதவு ரெண்டு, கேட் ரெண்டு, தபால் பெட்டி ரெண்டு. இடது பாதி என் தம்பி மகன் சேகருடையது. வலது பாதியில் ஷெர்லி என்று ஒரு வயசான அம்மா, தனியாக.

தம்பியும் அவன் பெஞ்சாதியும் இப்போது இல்லை. புது வீட்டில் பால் காய்ச்ச அத்தைதான் வரணும் என்று சேகர் ஒரே பிடிவாதம். எனக்குத் தாலி போய் இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. எங்கள் சாத்தூரில் ஒரு கல்யாணத்தில் சந்தனக் கும்பாவை நீட்டக் கூட என்னை முன்னால் நிறுத்தியது இல்லை. நானும் போய் நின்றது இல்லை. பின்கட்டில் காய் நறுக்கிக்கொண்டு இருப்பேன், அதுவே எனக்குத் தோதாக இருந்தது. அவன் போனில் கேட்டபோது, நானா என்று ரெண்டு தடவை கேட்டேன். சேகருடைய மாமியார், சென்னையில் இருக்கிற சம்பந்தியம்மா, "ஒரு சுமங்கலியா பாத்து..." என்று இழுத்தார்களாம். அவன் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினேன். கடுங்குளிர். நம் ஊரில் ஆனி வெயில் கொளுத்துகிற நேரத்தில் அங்கே வாயைத் திறந்தால் புகை வருகிறது. சேகர் மனைவி வித்யா ஒரு கம்பளிக் கோட்டை என் சேலைக்கு மேல் மாட்டி விட்டாள். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் சுடச்சுட சாம்பார் சாதம். ஆனால் அடுப்பில் ஒரு கறுப்பு இல்லை, ஒரு பொட்டுச் சிந்தல் இல்லை. கடையில் வாங்கி வைத்த மாதிரியே இருந்தது.

"இன்னும் பத்த வைக்கல அத்தை. நீங்க வந்து பால் காய்ச்சணும்னு மூணு வாரமா தொடல" என்றான் சேகர்.

"பால் காய்ச்சாமலே குடி வந்துட்டீகளே, அது தப்பில்லையாய்யா?"

"குடி எங்க வந்தோம்? சாமானைக் கொண்டு வந்து வச்சோம். சாமானுக்குக் காவலா நாங்க படுத்துக்கிறோம்."

"அப்ப இந்தச் சாதம் எதுல ஆச்சு?"

"அது கரண்ட்ல. சாம்பார் மைக்ரோவேவ்ல. அதெல்லாம் அடுப்பு இல்ல அத்தை, பெட்டி."

வித்யா சிரித்துக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டாள். ஆனிக் கடைசி முகூர்த்தம், மறு வாரம் வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதுக்கு மேல். அதை விட்டால் ஆடி. ஆடி முடிவதற்குள் நான் ஊருக்குத் திரும்பி விடுவேன்.

செவ்வாய்க்கிழமை ராஜன் என்று ஒருவர் அடுப்புக்கு மேலே புகை இழுக்கிற பெட்டியை மாட்ட வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மெல்பேர்னில் நோபல் பார்க் பக்கம் ரொம்ப வருஷம் இருந்துவிட்டு சிட்னிக்கு வந்தவர். பழைய வீடுகளைச் செப்பனிடுவதுதான் அவருக்கு வேலை. எனக்குப் புது ஆள் என்றால் வாய் வராது. அவரோ வாயை மூட மாட்டார். அதனால் ஒத்துப்போனது.

"நூறு வருசத்துக்கு மேலான வீடு அம்மா இது. கட்டினவன் ஒரே நாளில ரெண்டு பக்கத்துக்கும் அத்திவாரம் போட்டிருப்பான். ஒரு பாதியில தான் இருந்துகொண்டு மற்றப் பாதியை வாடகைக்கு விட்டிருப்பான். கண்ணாடியில பாக்கிற மாதிரித்தான் எல்லாம். இஞ்ச குசினி எங்கயோ, அங்கயும் அதே இடத்தில குசினி."

குசினி என்றால் அவர்கள் பேச்சில் அடுப்படி. சுவரைத் தட்டிக் காட்டினார். நம் அடுப்பு அந்த நடுச்சுவரை ஒட்டித்தான் இருந்தது. கிழக்குச் சுவர். கிழக்கே பார்த்து நின்று சமைக்கலாம் என்பதற்காகத்தான் இந்தப் பாதியை வாங்கினானாம் சேகர்.

"நீங்கள் இஞ்சால நிண்டு சமைக்கேக்க, அவ அங்கால நிண்டு சமைப்பா. முகத்துக்கு முகம். நடுவில இந்தச் சுவர்தான்."

"சுவர் யாருக்குங்க சொந்தம்?" அதுதான் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி.

"ரெண்டு பேருக்கும். நடுவால கோடு கீறின மாதிரி. ஆணி அடிக்கலாம், இடிக்கேலாது."

எங்கள் தெருவிலும் பொதுச்சுவர் உண்டு. ஓர் ஆணி அடித்ததற்காக ரெண்டு தலைமுறை பேசாமல் கிடந்த வீடுகளும் உண்டு. ஆனால் எங்கள் வீடுகளுக்குள் நடுவில் வெட்டவெளி முற்றம் இருக்கும், வெளிச்சம் மேலேயிருந்து விழும். இங்கே அப்படி இல்லை. நடுச்சுவரில் ஜன்னல் வைக்க முடியாது என்பதால் அந்தப் பக்கம் முழுக்க நீளமாக நடை. வாசல் கதவில் தொடங்கி அடுப்படி வரைக்கும் போகிறது. மூன்று அறையும் நடைக்கு மறுபக்கம் வரிசையாக. நடையில் பகலிலும் இருட்டு. முன்கதவுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். ராத்திரி தெருவிளக்கு வெளிச்சத்தில் அந்த நிறம் தரையில் கிடக்கும். கூரையின் உட்பக்கம் தகரத்தில் பூவும் கொடியும் அச்சடித்து வெள்ளை பூசியிருக்கிறது. அடுப்படியில் நடுச்சுவரிலேயே குளிருக்கு விறகு எரிக்க ஒரு பொந்து. நம் பொந்தும் ஷெர்லியம்மா பொந்தும் முதுகோடு முதுகாக, ஒரே புகைக்கூண்டுக்குப் போகின்றன. இப்போது யாரும் விறகு எரிப்பதில்லை. ஆனால் அந்த வழியாகச் சத்தம் வருகிறது. காலை ஆறு மணிக்கு அந்தப் பக்கம் ரேடியோ பேச ஆரம்பிக்கும். அப்புறம் ஓர் இருமல். அப்புறம் கரண்டி கோப்பையில் இடிக்கிற சத்தம்.

புதன்கிழமை ஒரு கூத்து நடந்தது. தனியாகத் தெருக்கோடி வரைக்கும் நடந்து வந்தேன். அந்தத் தெரு முழுக்க இதே மாதிரி ஜோடி வீடுகள். ஒரே செங்கல், ஒரே ஓடு. நம் வாசலில் மஞ்சள் மூடி போட்ட குப்பைத் தொட்டி நின்றது. அதை அடையாளம் வைத்துக்கொண்டு போனேன். நான் திரும்பி வருவதற்குள் குப்பை வண்டி வந்து, தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் பக்கத்து வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. எனக்கு என்ன தெரியும்? கேட்டைத் திறந்தேன். கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

நடையில் போகும்போது வலது கையால் சுவரைத் தடவிக்கொண்டே போவது என் வழக்கம். கையை வைத்தேன், சுவர் இல்லை. ஓர் அறைக் கதவு திறந்தது. சுவர் இடது பக்கம் இருந்தது. ஒரே ராத்திரியில் வீடு புரண்டு படுத்துவிட்டதா என்று ஒரு நிமிஷம் எனக்குப் புத்தி தடுமாறியது. நிமிர்ந்து பார்த்தால், அடுப்படியில் நீல ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மா. வெள்ளை முடி. கையில் கோப்பை.

அந்த அம்மா கத்தவில்லை. என் வெறுங்காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கு ஓடிவிடலாம் என்று இருந்தது. ஆனால் உட்கார்ந்துவிட்டேன். பால் ஊற்றின டீயும் ரெண்டு பிஸ்கோத்தும் வைத்தார். ஒரு வார்த்தை நான் பேசவில்லை. அவரும் என்னைப் பேசச் சொல்லி வற்புறுத்தவில்லை. டீ தீர்ந்ததும் நடுச்சுவரை ரெண்டு தட்டுத் தட்டி, என்னைக் கையால் சுட்டி, சிரித்தார். உன் இடம் அந்தப் பக்கம் என்று எனக்கு விளங்கியது.

சாயங்காலம் வித்யாவோடு போய், ஊரிலிருந்து கொண்டு வந்த காராச்சேவு ஒரு டப்பா கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா சொன்னதை வித்யா அப்படியே தமிழில் சொன்னாள். "இதுல மன்னிப்பு என்ன? முன்னால உங்க பக்கம் இருந்த ஆளு ஒரு நாள் குடிச்சிட்டு வந்து என் சோபாவுல படுத்துத் தூங்கினார். காலையில எந்திரிச்சு, என் வீட்டுல நீ எப்படி வந்தேன்னு என்னையே கேட்டார்." காராச்சேவு ஒன்றை வாயில் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருமினார், சிரித்தார், இன்னொன்று எடுத்தார். அப்புறம் என்னைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னார்.

"என்ன சொல்றாக?"

"இத்தனை வருஷத்துல சுவருக்கு அந்தப் பக்கம் தனக்கு முன்னால எந்திரிச்ச ஆளு நீங்கதானாம் அத்தை. மூணு நாளா, விடியுறதுக்கு முன்னாடி நீங்க நடையில நடக்கிற சத்தம் கேக்குதாம். ஓ, ஒரு ஆளு இருக்குன்னு நினைச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் படுத்துட்டு, அப்புறம்தான் எந்திரிச்சு ரேடியோ போடுறாங்களாம்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த நாளிலிருந்து பூனை மாதிரி நடக்கலாமா என்று யோசித்தேன். அப்புறம் வேண்டாம் என்று எப்போதும் போலவே நடந்தேன்.

சனிக்கிழமை வித்யாவும் நானும் ரயிலில் பிளாக்டவுன் போனோம். அங்கே நம் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மாவிலையும் சூடமும் வாழை இலையும் கிடைத்தன. மாவிலை உறைந்துபோய்ப் பொட்டலத்தில் இருந்தது. திரும்பும்போது வித்யா ஓர் எட்டில் இறங்கிவிட்டாள். நான் பைகளைத் தூக்குவதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கையை ஆட்டுகிறாள், ரயில் போகிறது. பெட்டியில் இருபது பேர் இருந்தார்கள். அதில் ரெண்டு பெண்கள் நம் முகம். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கவில்லை. மடியில் வாழை இலைக் கட்டை வைத்துக்கொண்டு மூன்று ஸ்டேஷன் தாண்டிப் போனேன். கடைசியில் அந்த ரெண்டு பெண்களில் ஒருத்தியே எழுந்து வந்து, "அம்மா, தமிழா? எங்க போகணும்?" என்று கேட்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. அவள் என்னோடு இறங்கி, எதிர் ரயிலில் ஏற்றிவிட்டு, வித்யாவுக்குப் போன் பண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

"கேட்டிருக்கலாமே அத்தை" என்று சேகர் அன்றைக்குப் பத்துத் தடவை சொன்னான். கேட்டிருக்கலாம்தான்.

திங்கட்கிழமை காலை ரேடியோ பேசவில்லை.

ஆறு மணிக்குப் பேசவில்லை. ஆறரைக்கும் பேசவில்லை. இருமலும் இல்லை. நான் நடையில் சுவரை ஒட்டி நின்றேன். மகன் மகள் யார் வீட்டுக்காவது போயிருக்கலாம், தூங்கலாம், நமக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ஏழு மணிக்கு சேகர் வேலைக்குப் புறப்பட்டான். அவனிடம் சொல்லவில்லை. வித்யா உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அறை வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். பத்து மணிக்கு, ஷெர்லியம்மாவுக்கு வீட்டு வேலையில் ஒத்தாசை பண்ண வாரம் ரெண்டு நாள் வருகிற பெண் சாவி போட்டுத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. சத்தம் போடாமல் வந்தது. யாரையும் ஏற்றாமல், சத்தம் போடாமலே திரும்பிப் போனது.

தூக்கத்திலேயே உயிர் போயிருந்தது.

எங்கள் தெருவில் சாவு விழுந்தால் பிணத்தை எடுக்கும்வரை அடுப்பு எரியாது. சண்டைக்காரன் வீடானாலும் அதுதான் முறை. எடுத்தபிறகு, வாசலைக் கழுவிவிட்ட பிறகுதான் உலை வைப்பார்கள். துக்க வீட்டுக்குக் காப்பியும் சோறும் பக்கத்து வீட்டிலிருந்து போகும். நான் முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படியும் சாயங்காலத்துக்குள் எடுப்பார்கள், ஆட்கள் வருவார்கள், தெரியும் என்று. மத்தியானம் வித்யா தட்டில் சோறு கொண்டு வந்தாள். வேண்டாம் என்றேன். தண்ணீர் மட்டும் குடித்தேன். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தெருவில் யாரும் வரவில்லை. எதிர் வீட்டில் ஒருவர் கார் கழுவினார். ஒருத்தி நாயைக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஆறு மணிக்கு சேகர் வந்தான். "காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலையாம். என்ன அத்தை உடம்புக்கு?"

"ஒண்ணும் இல்லய்யா. அந்தம்மாவை எப்ப எடுக்குறாக?"

"எடுக்கிறதுன்னா?"

"இன்னும் வெளிய வரலயே. நானும் காலையில இருந்து பாத்துட்டுத்தான இருக்கேன்."

அவன் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். "அத்தை, மத்தியானம் ஒரு மணிக்கே கொண்டு போயிட்டாங்களாம். முன்னால வண்டி நிறுத்த இடம் இல்லைன்னு பின்சந்து வழியா. இறுதிச் சடங்கெல்லாம் அடுத்த செவ்வாய்க்கிழமைதான்."

பின்சந்து வழியாக. நாள் முழுக்கக் காவல் இருந்த வாசல் வழியாக அந்த அம்மா போகவே இல்லை. இன்னும் எட்டு நாள் எங்கேயோ ஒரு குளிரில் கிடக்க வேண்டும்.

அந்த எட்டு நாளுக்கு நடுவில்தான் எங்கள் வெள்ளிக்கிழமை வந்தது.

மறுநாள் வித்யா ஸ்பீக்கரில் போட்டுத் தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருப்பது சம்பந்தியம்மாவுக்குத் தெரியாது. "சொந்தம் இல்ல, தீட்டு இல்ல, தாராளமா செய்யலாம். ஆனா நான் அப்பவே சொன்னேன் இல்ல? மங்கல காரியத்துக்கு யாரை முன்னால நிறுத்தணுமோ அவங்களைத்தான் நிறுத்தணும். பாரு, வந்து ரெண்டு வாரம் ஆகல, ஒட்டின வீட்டுலயே..." வித்யா அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனாள். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊராக இருந்தால் இதையே நாலு பேர் என் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார்கள்.

அன்று சாயங்காலம் ராஜன், போன வாரம் விட்ட வேலையை முடிக்க வந்திருந்தார். சேகர் அவரிடம் பேச்சுவாக்கில் சொன்னான். "வீட்டு நம்பர் வேற, பத்திரம் வேற. ஐயர்கிட்டயும் கேட்டுட்டேன், செய்யலாம்னுட்டார். நாப்பது பேருக்குச் சொல்லியாச்சு. இதுல என்ன இருக்கு?"

"பேப்பரில ரெண்டு வீடுதான் தம்பி" என்றார் ராஜன், திருகாணியைப் பார்த்துக்கொண்டே. "கட்டினவன் ஒண்டாத்தான் கட்டினவன். இந்தக் கூரையில அவவின்ர பக்கம் ஓடு உடைஞ்சா உங்கட பக்கம்தான் ஒழுகும்."

எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஊரிலிருந்து வெண்கலப் பானையைத் துணியில் சுற்றி, பெட்டிக்கு நடுவில் வைத்துக் கொண்டு வந்தேன். அதற்கென்று ஒரு மாம்பழக் கலர் சேலை. வாழ்க்கையில் ஒரு தடவை, நாலு பேருக்கு முன்னால், என் கையால் ஒரு நல்ல காரியம். வேண்டாம் என்று நானே சொன்னால் சம்பந்தியம்மா சொன்னதை நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். வாயை மூடிக்கொண்டிருந்தால் வெள்ளிக்கிழமை தானாக வந்துவிடும். வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரயிலில் மூடிக்கொண்டுதான் இருந்தேன். திங்கட்கிழமை காலையிலும் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

"வேண்டாய்யா" என்றேன்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தச் சுவருக்கு அங்குட்டு அவுக நின்ன இடத்துக்கு நேரா நின்னுக்கிட்டு, அவுகளை எடுத்து அடக்கம் பண்ணுறதுக்கு முந்தி, நான் எப்படிய்யா சிரிச்ச முகமாப் பாலைப் பொங்க விடுவேன்? தள்ளி வையி."

"தள்ளினா ஆவணிதான் அத்தை. நீங்க இருக்க மாட்டீங்க."

"இருக்க மாட்டேன். வித்யா அம்மா வந்து காய்ச்சட்டும். முறையும் அதுதான்."

சேகர் கொல்லைப்பக்கம் போய், துணி காயப் போடுகிற கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். அப்புறம் உள்ளே வந்து போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வர வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தான்.

வியாழக்கிழமை ஷெர்லியம்மாவின் மகள் ஜூலி வந்தாள். ஐம்பது ஐம்பத்தைந்து வயசு இருக்கும். கையில் என் காராச்சேவு டப்பா. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்ததாம், பாதி தீர்ந்திருந்தது. வித்யாவை வைத்துக்கொண்டு அவளிடம் சொன்னேன். ஆறு மணிக்கே ரேடியோ பேசலை, எனக்குத் தெரிஞ்சது, நான் யார்கிட்டயும் சொல்லலை என்று. வித்யாவுக்கே அது அப்போதுதான் தெரியும். ஜூலி என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "டாக்டர் சொன்னாங்க, விடியுறதுக்கு ரொம்ப முன்னாலேயே போயிருச்சுன்னு. நீங்க ஆறு மணிக்குக் கூப்பிட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது." அப்புறம், "ரேடியோ பேசலைங்கிறதைக் கவனிக்க ஒரு ஆள் இருந்ததே, அது போதும் எனக்கு" என்றாளாம்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். பத்தரை வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமும் சத்தமில்லை, இந்தப் பக்கமும் சத்தமில்லை.

செவ்வாய்க்கிழமை சுடுகாட்டுக்குப் போனோம். சுடுகாடு என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் புல்வெளியும் ரோஜாச் செடியுமாகப் பூங்கா மாதிரி இருந்தது. ஒரு மண்டபத்தில் வரிசையாக உட்காரச் சொன்னார்கள். பெட்டியை மூடித்தான் வைத்திருந்தார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. யாரும் வாய்விட்டு அழவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போய்ப் பேசினார்கள், கூட்டம் சிரித்தது. எனக்குத் திக்கென்று இருந்தது. "எதுக்குச் சிரிக்காக?" என்று வித்யா காதில் கேட்டேன். "அந்தக் குடிகாரர் சோபா கதை" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அந்த மண்டபத்தில் சத்தமாக மூக்கைச் சிந்தியது நான் ஒருத்திதான்.

திரும்பி வந்து மூன்று பேரும் பின்வாசல் வழியாக நுழைந்து, அந்தக் குளிரில் தலைக்கு ஊற்றிக்கொண்டோம். முடி காயக்கூட இல்லை, ஜூலி வாசலில் நின்றாள். சுடுகாட்டிலிருந்து எல்லாரும் அவள் அம்மா வீட்டுக்குத்தான் வந்திருந்தார்கள். குளிருக்கு ஹீட்டரும் டீக்குக் கெட்டிலும் ஒன்றாகப் போட்டதில் அந்தப் பாதியில் மட்டும் கரண்ட் போய்விட்டதாம். பழைய ஒயர். முப்பது பேர், பாதிப்பேர் கிழவன் கிழவிகள், கோட்டைக் கழற்றாமல் தாழ்வாரத்தில் நிற்கிறார்கள். ஒரு கெட்டில் வெந்நீர் கிடைக்குமா என்று கேட்டாள்.

"நம்ம கெட்டில்ல நாலு பேருக்குத்தான் வரும்" என்றான் சேகர்.

நான் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். துணியைப் பிரித்து வெண்கலப் பானையை எடுத்துக் கழுவினேன். வித்யா பால் டப்பாக்களை எடுத்து வெளியே வைத்தாள். சேகர்தான், "அத்தை, அது..." என்றான்.

"தெரியும்யா. இந்த அடுப்புல முதல் பால் இதுதான் ஆகும். துக்க வீட்டுக்குப் போற பால். பொறவு மாத்த முடியாது. உங்க ரெண்டு பேருக்கும் சம்மதம்னாத்தான் பத்த வைப்பேன்."

அவன் வித்யாவைப் பார்த்தான். வித்யா என்னைப் பார்த்தாள். "சும்மா திருப்பினா வராது அத்தை. குமிழை உள்ள அமுக்கிக்கிட்டே திருப்பணும்" என்றாள்.

அமுக்கினேன், திருப்பினேன். படபடவென்று பொறி தட்டி நீலமாகப் பிடித்துக்கொண்டது. ஈர முடியோடு, கட்டின பழைய சேலையோடு, கிழக்கே பார்த்து நின்றேன். நேர் எதிரே சுவர். பூ இல்லை, மாவிலை இல்லை, ஐயர் இல்லை. பால் விளிம்பு வரை வந்து ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் ஒரு பக்கமாகச் சரிந்து வழிந்தது. அடுப்பில் கறை பட்டது. டீத்தூளும் தட்டின இஞ்சியும் ஏலக்காயும் சர்க்கரையும் போட்டு இன்னொரு கொதி விட்டேன்.

எங்களிடம் பன்னிரண்டு கோப்பைதான் இருந்தது. முன் தாழ்வாரத்தை ரெண்டாகப் பிரிக்கிற சுவர் இடுப்பு உயரம்தான். ஷெர்லியம்மாவின் கோப்பைகளை ஜூலி அந்தச் சுவருக்கு மேலாக எடுத்து எடுத்துக் கொடுத்தாள். நான் ஊற்றி ஊற்றி அதே சுவருக்கு மேலாகத் திருப்பிக் கொடுத்தேன். எனக்கு டீ தந்த அந்தக் கோப்பையும் அதில் வந்தது. தொப்பி வைத்த ஒரு தாத்தா ஒரு வாய் குடித்துவிட்டு என்னமோ சொன்னார். "இது டீயா மருந்தான்னு கேக்குறார். இன்னொரு கப் கிடைக்குமான்னும் கேக்குறார்" என்றான் சேகர்.

பானை ரெண்டு தடவை நிறைந்து காலியானது.

மறுநாள் காலை சம்பந்தியம்மா போன் பண்ணினார்கள். வித்யா நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும், போனை என்னிடம் நீட்டினாள். வாங்கிக் காதில் வைத்தேன்.

"பால் எந்தப் பக்கம் பொங்கிச்சு?" என்று கேட்டார்கள்.

"சுவர்ப் பக்கம்" என்றேன்.

"சுவருன்னா எந்தத் திசை?"

"கிழக்க."

"கிழக்கன்னா நல்லதுதான்" என்றார்கள் சம்பந்தியம்மா, யோசித்து.